ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும்: தனித்தனி டிரைவில் போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதிக்குப் பாதி ஒரே கேள்விதான். லினக்ஸ் போட்டுப் பார்க்க ஆசை, ஆனால் விண்டோஸையும் விட முடியாது, கணக்கெழுதும் டேலி அதில்தான் இருக்கிறது, என்ன செய்யலாம்?

ஒரே டிரைவைப் பிரித்து இரண்டையும் அதிலேயே போடலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்ட்டிஷனை, அதாவது டிரைவில் பிரித்த பகுதியை, சுருக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால் உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் கிடையாது, பின்னால் ஒன்றைத் திரும்பப் போட நேர்ந்தால் மற்றதன் கதி என்ன என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும், டிரைவ் செத்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று தனியாக வாங்கி அதில் லினக்ஸைப் போட்டால் இந்தக் கவலை எதுவும் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்: லினக்ஸ் போடும் நேரத்தில் விண்டோஸ் டிரைவ் மெஷினில் மாட்டியிருக்கவே கூடாது.

இதை அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். 2021-இல் தம்பியின் கம்ப்யூட்டரில் பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் இருக்க, புது எஸ்எஸ்டியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். இரண்டு டிரைவும் மாட்டியபடியேதான் போட்டேன். இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியைத்தான் தேர்ந்தெடுத்தேன், அருமையாக ஓடியது. ஒரு வருஷம் கழித்து ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்து ஒரு நாள் நின்றே போனது. "லினக்ஸ் தனி டிரைவுலதானே இருக்கு, பழசைக் கழட்டிப் போட்டுட்டு வேலையைப் பாரு" என்று போனில் சொன்னேன். கழட்டினான். திரையில் கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு வரி, பூட் டிவைஸ் எதுவும் இல்லை என்று. மறுநாள் காலையில் அவன் ப்ராஜெக்ட் ஒப்படைக்க வேண்டும். எஸ்எஸ்டியில் அவன் ஃபைல் ஒன்றுகூடக் கெடவில்லை, எல்லாம் பத்திரமாக இருந்தது, ஆனால் அதற்குள் நுழைகிற வாசல் செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது.

ஏன் அப்படி ஆனது?

இன்றைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் பழைய பயாஸுக்குப் பதில் யூஈஎஃப்ஐ முறையில் எழுகின்றன (வழக்கத்தில் நாம் அதையும் பயாஸ் என்றே சொல்கிறோம், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்). பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு முதலில் தேடுவது ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சின்ன அறையை. ஃபேட்32 முறையில் இருக்கும், விண்டோஸ் உருவாக்கினால் பெரும்பாலும் வெறும் 100 எம்பி. ஒவ்வொரு இயங்குதளமும் தன் பூட்லோடரை, அதாவது தன்னை எழுப்பிவிடும் சின்ன நிரலை, அந்த அறையில்தான் வைக்கும்.

சிக்கல் என்னவென்றால், மெஷினில் ஏற்கெனவே ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் இருப்பதைப் பார்த்தால் பல லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் தங்கள் பூட்லோடரையும் அதிலேயே கொண்டுபோய் வைத்துவிடும். நீங்கள் வேறு டிரைவைத் தேர்ந்தெடுத்திருந்தாலும்கூட. விண்டோஸ் இன்ஸ்டாலருக்கும் இதே பழக்கம் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டு தனி வீடு, ஆனால் இரண்டு வீட்டுச் சாவியும் ஒரே ஆணியில் தொங்கும். ஆணி இருக்கிற சுவர் இடிந்தால் இரண்டு வீட்டுக்கும் வழியில்லை.

விண்டோஸ் டிரைவைக் கழட்டி வைத்துவிட்டால் இன்ஸ்டாலருக்கு வேறு வழியே இல்லை, புது டிரைவிலேயே புது ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டு அங்கேதான் பூட்லோடரை வைத்தாக வேண்டும். இதில் இன்னொரு நிம்மதியும் இருக்கிறது. இன்ஸ்டாலரில் எல்லாரும் கை நடுங்கிப் பார்க்கும் "டிஸ்க்கை முழுசாக அழித்துவிட்டு நிறுவு" என்ற தேர்வுதான் இப்போது இருப்பதிலேயே பாதுகாப்பானது. அழிக்க மாட்டியிருப்பதே அந்தப் புது டிரைவ் ஒன்றுதான்.

படி 1: டிரைவ் வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிறதா, சாட்டா போர்ட் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். எம்.2 என்பது ஸ்லாட்டின் வடிவம் மட்டும்தான். சில ஸ்லாட் என்விஎம்ஈ எஸ்எஸ்டியை மட்டும் ஏற்கும், சில சாட்டா வகையை மட்டும், சில இரண்டையும். இது தெரியாமல் வாங்கித் திருப்பிக் கொடுக்க அலைந்தவர்கள் நிறைய. சில மதர்போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் தானாக அணைந்துவிடும், இது மேனுவலில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். லேப்டாப் என்றால் மாடல் பெயரைப் போட்டு இரண்டாவது ஸ்லாட் உண்டா, எந்த நீளம் என்று பாருங்கள். 2280 என்று எழுதியிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்று அர்த்தம், பரவலாகக் கிடைப்பது அதுதான்.

இரண்டாவது ஸ்லாட்டே இல்லாத லேப்டாப்பா? யூஎஸ்பியில் செருகும் எஸ்எஸ்டியிலும் லினக்ஸ் போடலாம், படிகள் ஏறக்குறைய இதேதான். கேபிள் ஆடினால் சிஸ்டம் உறைந்துவிடும் என்பதால் மடியில் வைத்து வேலை செய்பவர்களுக்கு அது ஒத்துவராது.

படி 2: விண்டோஸுக்குள் நான்கு வேலை

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டியவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். பொறுமையாகச் செய்யுங்கள்.

முதல் வேலை பேக்கப். டிரைவைக் கழட்டி வைக்கப்போகிறோமே, பேக்கப் எதற்கு என்று தோன்றும். கழட்டும்போது கை தவறிக் கீழே விழுந்தால்? குடும்பப் படங்களும் முக்கியமான ஃபைல்களும் இன்னொரு இடத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, பிட்லாக்கர், அதாவது டிரைவில் இருப்பதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி. "நான் அதையெல்லாம் போடவே இல்லை" என்பீர்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வைத்து விண்டோஸ் 11-ஐத் தொடங்கியிருந்தால், நீங்கள் கேட்காமலேயே டிரைவ் பூட்டப்பட்டிருக்கலாம், புது லேப்டாப்களில் இது ரொம்ப சகஜம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய்ப் பாருங்கள். இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்தில் 48 இலக்க மீட்புச் சாவி இருக்கும். அதைப் பேப்பரில் எழுதி வையுங்கள், அதே கம்ப்யூட்டரில் சேமித்து வைத்தால் பிரயோஜனமில்லை. பயாஸில் ஏதாவது மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையில் நின்று அந்தச் சாவியைக் கேட்க வாய்ப்புண்டு. அப்போது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்டுத் தர முடியாது. எந்தக் கடைக்காரர் முடியும் என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். இது இயங்கினால் நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாகத் தூங்காது, பாதி நினைவை டிரைவில் எழுதி வைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் எழுத விடாது, படிக்க மட்டும்தான் விடும், சில சமயம் திறக்கவே மறுக்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தில், மேலே இருக்கும் "தற்போது கிடைக்காத அமைப்புகளை மாற்று" என்ற பொருளில் வரும் லிங்க்கை அழுத்தினால் கீழே டிக் எடுக்க விடும்.

நான்காவது எல்லாருக்கும் தேவைப்படாது. இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் டிரைவுகள் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறையில் வைக்கப்பட்டிருக்கும், லினக்ஸ் இன்ஸ்டாலர் அதைப் பார்த்து நின்றுவிடும், அல்லது டிரைவே தெரியாது. பயாஸில் அதை ஏஹெச்சிஐ என்ற வழக்கமான முறைக்கு மாற்ற வேண்டும், ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் எழாது. வழி இது: பிட்லாக்கர் இருந்தால் முதலில் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். அப்புறம் ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) திறந்து பூட் பகுதியில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். எழும்போதே பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ மாற்றி சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து புது முறைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். சேஃப் மோடில் நான்கு இலக்க பின் வேலை செய்யாமல் முழு பாஸ்வேர்ட் கேட்கலாம், அது ஞாபகம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: பென் டிரைவ்

எந்த லினக்ஸ்? முதல் முறை என்றால் நான் லினக்ஸ் மின்ட் 22 வரிசையைச் சொல்வேன். உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் வரும், திரை அமைப்பும் விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாக இருக்காது. மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (இன்ஸ்டாலர் முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைல்) இறக்குங்கள், கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். 8 ஜிபி பென் டிரைவ் போதும், அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பென் டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டி, பார்ட்டிஷன் முறை ஜிபிடி, இலக்கு யூஈஎஃப்ஐ என்று வைத்து ஸ்டார்ட் கொடுத்தால் சில நிமிஷ வேலை.

படி 4: விண்டோஸ் டிரைவைக் கழட்டுங்கள்

ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், முழுதாக அணையும். பவர் கேபிளைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஒரு ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சம் மீதி மின்சாரம் வடிந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள், நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். லேப்டாப் என்றால் பின்பக்க மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்கள்.

சாட்டா டிரைவ் என்றால் டேட்டா கேபிளை உருவினாலே போதும். எம்.2 எஸ்எஸ்டி என்றால் நுனியில் ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும், கீழே விழுந்தால் கண்ணுக்கே தெரியாது, வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்து வேலை செய்யுங்கள். ஸ்க்ரூவைக் கழட்டியதும் எஸ்எஸ்டி சாய்வாக மேலெழும்பும், அப்படியே மெதுவாக இழுத்தால் வந்துவிடும். மேலே விண்டோஸ் என்று ஒரு சின்னச் சீட்டு ஒட்டி எடுத்து வையுங்கள். புது எஸ்எஸ்டியைக் காலியாக இருக்கும் இன்னொரு ஸ்லாட்டில் அதே சாய்வில் செருகி, அழுத்தி, ஸ்க்ரூ போடுங்கள்.

கழட்டவே முடியாத நிலை என்றால்? சில பயாஸில் ஸ்லாட்டையோ போர்ட்டையோ தனித்தனியாக அணைக்கும் வசதி உண்டு, அது இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. அதுவும் இல்லை என்றால் லினக்ஸ் பென் டிரைவிலிருந்து எழுந்து, பார்ட்டிஷன்களை மாற்ற உதவும் ஜிபார்ட்டட் என்ற மென்பொருளைத் திறந்து, விண்டோஸ் டிரைவில் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனின் பூட், ஈஎஸ்பி என்ற இரண்டு கொடிகளையும் (அது எந்த வகைப் பார்ட்டிஷன் என்று சொல்லும் அடையாளங்கள்) எடுத்துவிடுங்கள். இன்ஸ்டாலரின் கண்ணுக்கு அது ஈஎஃப்ஐ பார்ட்டிஷனாகத் தெரியாது. பெயரையும் அளவையும் இரண்டு முறை சரிபார்த்து லினக்ஸைப் புது டிரைவில் போட்டு முடித்ததும், மறக்காமல் அந்தக் கொடிகளைத் திரும்ப வையுங்கள். முடியும், ஆனால் கழட்டுவதுதான் நிம்மதி.

படி 5: லினக்ஸ் போடுவது

பென் டிரைவைச் செருகி ஆன் செய்ததும் பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ, ஏசர், கிகாபைட்டில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஃப்9. எம்எஸ்ஐயில் எஃப்11. ஆசுஸ் மதர்போர்டில் எஃப்8, அதன் லேப்டாப்பில் எஸ்கேப்.

பென் டிரைவின் பெயர் யூஈஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு வரும், அதைத் தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட்டை (நம்பகமான கையெழுத்து இல்லாத பூட்லோடரை எழவிடாத பயாஸ் காவல்) அணைக்கத் தேவையில்லை, மின்ட், உபுண்டு, ஃபெடோரா மூன்றும் அதோடு ஒத்துப்போகும். மின்ட் டெஸ்க்டாப் வந்ததும் உடனே இன்ஸ்டால் ஐகானைத் தொடாமல் பத்து நிமிஷம் சுற்றிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, டச்பேட் வேலை செய்கிறதா? வைஃபை வரவில்லை என்றால் பதற வேண்டாம், மொபைலை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போட்டால் நெட் கிடைத்துவிடும்.

அப்புறம் இன்ஸ்டால். மொழி, கீபோர்டு, மல்டிமீடியா கோடெக் டிக். நிறுவும் வகை கேட்கும்போது டிஸ்க்கை அழித்து நிறுவும் தேர்வு. கீழே வரும் பட்டியலில் புது எஸ்எஸ்டியின் அளவும் பெயரும் மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். ஊர், பெயர், பாஸ்வேர்ட். முடிந்ததும் பென் டிரைவை எடுத்துவிட்டு எண்டர் தட்டச் சொல்லும்.

என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. செக்யூர் பூட் இயங்கும்போது அதன் டிரைவரைப் போட்டால் இடையில் ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும், ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வந்து பத்து விநாடி காத்திருக்கும். அது கோளாறு இல்லை. என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் டிரைவர் ஏறாது.

படி 6: தனியாக எழுகிறதா என்று சோதியுங்கள், அப்புறம் சேர்த்து மாட்டுங்கள்

விண்டோஸ் டிரைவ் இன்னும் வெளியேதான் இருக்கிறது. லினக்ஸை இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள், எல்லா அப்டேட்டையும் போடுங்கள். சரியாக எழுகிறது என்றால் அதன் சாவி அதனிடமே இருக்கிறது. இப்போது அணைத்து, விண்டோஸ் டிரைவை முன்பிருந்த அதே ஸ்லாட்டில் மாட்டுங்கள்.

பயாஸுக்குள் போய் பூட் வரிசையைப் பாருங்கள். விண்டோஸ் பூட் மேனேஜர் என்று ஒன்று, உபுண்டு என்று ஒன்று இருக்கும் (மின்ட்டும் அந்தப் பெயரில்தான் பதிவாகும், குழம்ப வேண்டாம்). அதிகம் பயன்படுத்துவதை மேலே வையுங்கள். மற்றது வேண்டும்போது பூட் மெனு கீ. விண்டோஸுக்குள்ளிருந்தே போக வேண்டும் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, டிவைஸைப் பயன்படுத்து என்ற தேர்வில் லினக்ஸைக் காட்டலாம்.

லினக்ஸின் பூட்லோடரான கிரப் காட்டும் மெனுவில் விண்டோஸையும் சேர்த்துவிடலாமே என்று கேட்பார்கள். சேர்க்கலாம். நான் சேர்ப்பதில்லை, ஒன்று இன்னொன்றை அறியாமல் இருக்கத்தானே இவ்வளவு பாடுபட்டோம்.

இதற்குப் பிறகு வரக்கூடியவை

கடிகாரம் முதலில் வரும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் காலை 10 மணி என்பது 4.30 என்று காட்டும். மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும், நமக்கு இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். விண்டோஸின் நேர அமைப்பில் சிங்க் நவ் தட்டினால் அப்போதைக்குச் சரியாகும். நிரந்தரமாகச் சரிசெய்ய, லினக்ஸ் டெர்மினலில் timedatectl set-local-rtc 1 என்ற கட்டளையை அடித்தால் லினக்ஸும் உள்ளூர் நேரத்துக்கே வந்துவிடும்.

விண்டோஸால் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனைப் படிக்க முடியாது. அதனால் சில சமயம் அதை வெற்று டிரைவ் என்று நினைத்து "ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள், வீட்டில் வேறு யாரும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவார்கள் என்றால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிஸ்க்கின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ஆஃப்லைன் என்று வைத்துவிட்டால் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது. இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டிய ஃபைல்களுக்கு எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள், லினக்ஸ் இரண்டையும் நன்றாகவே படிக்கும், எழுதும்.

ஒன்றை மட்டும் தனி டிரைவாலும் தடுக்க முடியாது. டிரைவ் இரண்டாக இருந்தாலும் மதர்போர்டு ஒன்றுதான். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய லினக்ஸ் பூட்லோடர்களை செக்யூர் பூட் ஏற்கக் கூடாது என்ற விதியை மதர்போர்டின் நினைவகத்தில் எழுதியது. விளைவாக, இரண்டும் வைத்திருந்த பல கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் எழ மறுத்தது. அந்த மாதிரி நேரத்தில் செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய் எல்லா அப்டேட்டையும் போட்டுவிட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள். செக்யூர் பூட்டைத் தொட்டால் பிட்லாக்கர் சாவி கேட்கும் என்பதால்தான் அந்த 48 இலக்கத்தைப் பேப்பரில் எழுதச் சொன்னேன்.

நாளைக்கு லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால் அந்த எஸ்எஸ்டியைக் கழட்டி எடுத்தால் முடிந்தது, விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே வைத்துவிடுங்கள். விண்டோஸ்தான் வேண்டாம் என்றாலும் இதே கதைதான், டிக் எடுக்கவோ ரிப்பேர் செய்யவோ எதுவும் இல்லை. தம்பிக்கு அன்று ராத்திரி லைவ் பென் டிரைவில் எழுப்பி, எஸ்எஸ்டியில் புதிதாக ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டு, பூட்லோடரை அதில் மறுபடி நிறுவி முடிக்கும்போது மணி இரண்டரை. அதே எஸ்எஸ்டிதான் இப்போது அவனுடைய புது மெஷினில் இரண்டாவது ஸ்லாட்டில் இருக்கிறது. மாட்டியதும் எழுந்துவிட்டது.